புதுப்பித்தால் வைஃபை போய்விடுமா?

மாணவர்களே, உங்களில் எத்தனை பேர் லினக்ஸ் பயன்படுத்துகிறீர்கள்? வகுப்பில் இப்படிக் கேட்டால் ஒன்றிரண்டு கைகள்தான் உயரும். ஆனால், ஆண்ட்ராய்டு கைப்பேசி வைத்திருக்கும் எல்லாரும் கை தூக்கியிருக்க வேண்டும். அதன் அடித்தளத்தில் ஓடுவது லினக்ஸ் கெர்னல்தான். உலகின் அதிவேக மீக்கணினிகள் 500இன் பட்டியலை ஆண்டுக்கு இருமுறை வெளியிடுகிறார்களே, அதில் 2017 நவம்பரிலிருந்து இடம்பெற்றவை எல்லாமே லினக்ஸில் இயங்குபவை. 1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தம் 21ஆம் வயதில் பொழுதுபோக்காக அறிவித்த வேலை அது.

இவ்வளவு பெருமையுள்ள ஒன்று, 25 ரிங்கிட் வைஃபை சாதனம் ஒன்றிடம் தோற்றுப்போன கதையை முதலில் சொல்கிறேன்.

நான் அறிவியல் ஆசிரியை. கணினி என் பாடம் இல்லை. பள்ளியின் கணினிக் கழகத்தை ஏற்க வேறு யாரும் முன்வராததால் அது என்னிடம் வந்து சேர்ந்தது. அலுவலகங்கள் கழித்துப்போடும் மடிக்கணினிகளை வாங்கி, துடைத்து, உபுண்டு லினக்ஸ் நிறுவி, வீட்டில் கணினி இல்லாத பிள்ளைகளுக்குக் கொடுப்போம். அப்படி ஒன்றைப் படிவம் நான்கு மாணவி ஒருத்திக்குக் கொடுத்தோம். அதன் உள்ளே இருந்த வைஃபை அட்டை பழுது. ஆகவே, யூ.எஸ்.பி. துளையில் செருகும் சிறு சாதனம் ஒன்றை வாங்கினோம். பெட்டியின்மேல் லினக்ஸிலும் வேலை செய்யும் என்று அச்சிட்டிருந்தது. உள்ளே ஒரு குறுந்தட்டு. அதில் இருந்த இயக்கி, நீங்கள் டிரைவர் என்று சொல்வீர்களே, அது எங்கள் கெர்னலுக்குப் பல ஆண்டு பழையது. தன்னார்வலர் ஒருவர் திருத்தி இணையத்தில் வைத்திருந்த மூலநிரலை எடுத்து, ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து நிறுவினேன். வேலை செய்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவள் ஒழுங்கான பிள்ளை. நான் சொல்லிக்கொடுத்தபடி வாரந்தோறும் புதுப்பிப்புகளை நிறுவுவாள். 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓர் இரவு, வேதியியல் ஆய்வறிக்கையை அனுப்ப வேண்டிய கடைசி நாளில், அம்மாவின் கைப்பேசியிலிருந்து செய்தி வந்தது. ‘டீச்சர், அப்டேட் போட்டேன். இப்போ வைஃபையே காணோம்.’

கணினி தொடங்கும்போது வரும் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். வைஃபை திரும்பி வந்தது, அறிக்கையும் போய்ச் சேர்ந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ‘இனிமேல் அப்டேட் பண்ணாதே ம்மா’ என்று ஒரு வரியையும் சேர்த்து அனுப்பினேன். அனுப்பிய அடுத்த நிமிடமே அது தவறு என்று தெரிந்தது. ஆனால் வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கட்டுரை.

என்ன நடந்தது என்று புரிய, கெர்னல் என்றால் என்ன என்பதைப் பார்க்க வேண்டும். நினைவகத்தை யாருக்கு எவ்வளவு கொடுப்பது, எந்தச் செயலி எப்போது ஓடுவது, வன்தட்டில் எழுதுவது, விசைப்பலகையில் தட்டியதை வாங்குவது எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் நடுப்பகுதி அது. நீங்கள் திறக்கும் உலாவி, விளையாட்டு, ஆவணச் செயலி எதுவும் வன்பொருளை நேராகத் தொட முடியாது. கெர்னலிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஒவ்வொரு வன்பொருளோடும் பேசத் தெரிந்த நிரல்தான் இயக்கி. லினக்ஸில் பெரும்பாலான இயக்கிகள் மாட்யூல்களாக இருக்கும். தேவைப்படும்போது கெர்னலோடு சேர்த்துக்கொள்ளலாம், வேண்டாதபோது கழற்றிவிடலாம். சேர்ந்தபின் அது கெர்னலின் ஒரு பகுதியாகவே ஆகிவிடும். அதில் ஒரு பிழை இருந்தால் அந்தச் செயலி மட்டும் மூடிக்கொள்ளாது, கணினியே உறைந்துபோகலாம்.

மாட்யூல்கள் இரு வகை. ஒரு வகை கெர்னலின் மூலநிரல் தொகுப்புக்குள்ளேயே வாழ்பவை. அந்தத் தொகுப்பு இப்போது 3 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது, அதில் பாதிக்கு மேல் இயக்கிகள்தான். இன்னொரு வகை, வெளியே யாரோ எழுதி, தனியாக வைத்திருப்பவை. எங்கள் வைஃபை இயக்கி இரண்டாம் வகை.

வாழையிலை உணவகம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். முன்கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் உணவுப்பட்டியலைப் பார்த்து ஒரு தோசை கேட்கிறார். பட்டியல் மாறாதவரை அவருக்குக் கவலை இல்லை. உள்ளே சமையலறையில் அடுப்பை இடம் மாற்றலாம், அலமாரியைத் திருப்பி வைக்கலாம். தோசை வந்தால் போதும். சாதாரணச் செயலிகள் இந்த வாடிக்கையாளர்களைப் போன்றவை. அவற்றுக்கு லினக்ஸ் ஓர் உறுதி தருகிறது: கெர்னலை எவ்வளவு மாற்றினாலும், நேற்று ஓடிய செயலி இன்றும் ஓட வேண்டும். இந்த விதியை மீறும் நிரலாளர்களிடம் டோர்வால்ட்ஸ் எவ்வளவு கோபப்படுவார் என்பது ஊரறிந்த கதை. ஒரு காலத்தில் அவர் அனுப்பிய மின்னஞ்சல்களை உங்களிடம் காட்ட முடியாது. நம் கட்டொழுங்கு ஆசிரியர்களே சாதுவாகத் தெரிவார்கள்.

மாட்யூல் வாடிக்கையாளர் அல்ல. அது சமையலறைக்குள்ளேயே நுழைந்து வேலை செய்யும் ஆள். ஆனால் வெளியே பயிற்சி பெற்று வந்த ஆள். ‘இரண்டாம் அலமாரி, மூன்றாவது டப்பா, உப்பு’ என்று மனப்பாடம் செய்து வந்திருக்கிறார். நேற்று இரவு சமையலறையைத் திருத்தி அடுக்கியதில் அங்கே இப்போது சர்க்கரை இருக்கிறது. அவர் பார்க்கமாட்டார், கை நீட்டி எடுத்துச் சாம்பாரில் போடுவார்.

கணினியில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். கெர்னலுக்குள் தகவல்கள் கட்டமைப்புகளாக அடுக்கப்பட்டிருக்கும். ஒரு கட்டமைப்பின் 16ஆம் பைட்டில் இருந்த எண், புதிய பதிப்பில் நடுவே ஒரு புலம் சேர்ந்ததால் 24ஆம் பைட்டுக்கு நகரலாம். பழைய கெர்னலுக்காகக் கம்பைல் செய்த, அதாவது இயந்திர மொழிக்கு மாற்றிவைத்த மாட்யூல் இன்னும் 16ஆம் பைட்டையே படிக்கும். அங்கே வேறு ஏதோ இருக்கும். இதைத் தடுக்கவே ஒவ்வொரு மாட்யூலிலும் அது எந்தக் கெர்னலுக்காக உருவானது என்ற முத்திரை பதிக்கப்படுகிறது. ஏற்றுவதற்குமுன் கெர்னல் அந்த முத்திரையைப் பார்க்கும். பொருந்தவில்லை என்றால், மாட்யூலின் வடிவம் செல்லாது என்று சொல்லி வெளியே நிறுத்திவிடும். அந்தச் செய்தியைப் பார்க்கும்போது நமக்கு எரிச்சல் வரும். சாம்பாரைக் காப்பாற்றியதற்கு நன்றிதான் சொல்ல வேண்டும்.

அப்படியானால் ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் மாட்யூலைத் திரும்பக் கம்பைல் செய்ய வேண்டுமா? ஆம். அதைத் தானாகச் செய்ய டி.கே.எம்.எஸ். என்றொரு கருவி இருக்கிறது. டெல் நிறுவனத்தின் பொறியாளர்கள் உருவாக்கியது. வெளி மாட்யூலின் மூலநிரலைக் கணினியில் வைத்திருந்து, புதிய கெர்னல் வரும்போதெல்லாம் அதற்கேற்பப் புதிதாகக் கம்பைல் செய்துவிடும். எங்கள் மாணவியின் கணினியில் அதைத்தான் நிறுவியிருந்தேன். மாதக்கணக்கில் புதுப்பிப்புகள் வந்தும் அவளுக்கு ஒரு தொல்லையும் தெரியாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். கதவின் பின்னால் அந்தக் கருவி சத்தமில்லாமல் உழைத்துக்கொண்டிருந்தது.

பிறகு ஏன் அன்று தோற்றது? அவளுடைய உபுண்டு 22.04 அதுவரை 5.15 வரிசைக் கெர்னலில் இருந்தது. அந்த வாரம் 5.19க்குத் தாவியது. இந்த முறை டப்பாக்கள் இடம் மாறியதோடு நிற்கவில்லை, டப்பாக்களின் பெயரே மாறியிருந்தது. அப்போது மூலநிரலே செல்லாது. திரும்பக் கம்பைல் செய்யும் கருவி எத்தனை முறை முயன்றாலும் அதே சுவரில்தான் முட்டும்.

மறுநாள் பள்ளியில் அந்த மடிக்கணினியைத் திறந்து பிழைப்பதிவைப் படித்தோம். கழக மாணவர்கள் நான்கு பேர் என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நூற்றுக்கணக்கான வரிகள். படிவம் இரண்டு மாணவன் ஒருவன்தான் முதலில் கண்டுபிடித்தான். ‘டீச்சர், பி.டி.இ. டேட்டான்னு ஒண்ணைத் தெரியாதுன்னு சொல்லுது. நோட் டேட்டாவான்னு திருப்பிக் கேக்குது.’ பி.டி.இ. டேட்டா என்பது கெர்னல் தரும் ஒரு செயற்கூறு, ஒரு சிறு வேலையைச் செய்துதரும் நிரல்துண்டு. பழைய கெர்னல்களில் அதன் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும். அது தரவை எடுத்துத் தரும் வழியை நிரலாளர்கள் எளிமைப்படுத்தினார்கள். அந்த வேலையின் முடிவில், 5.17 பதிப்பில், பெரிய எழுத்துப் பெயர் நீக்கப்பட்டது. இனி அதே பெயர், ஆனால் எல்லாம் சிறிய எழுத்து. கணினிக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறுவேறு. தெரியாத பெயரைப் பார்த்த கம்பைலர், அதற்கு நெருக்கமாகத் தெரிந்த ஏதோ ஒரு பெயரைச் சொல்லி ‘இதையா நினைத்தீர்கள்?’ என்று கேட்டிருக்கிறது. அந்தப் பையன் அதற்கு விழுந்து விழுந்து சிரித்தான்.

எழுத்து பெரிதா சிறிதா என்பதற்காக ஒரு பிள்ளையின் இணையம் போகலாமா? எனக்கும் அன்று கோபம் வந்தது. அந்தக் கோபம் யார்மேல் வர வேண்டும் என்பதை யோசிக்க எனக்கு வெகுநாள் பிடித்தது.

முதலில் கெர்னல் நிரலாளர்கள்மேல்தான் வந்தது. வெளி உலகத்துக்கு அவ்வளவு கண்டிப்பாக உறுதி தருகிறவர்கள், உள்ளே மட்டும் ஏன் இப்படி? புதிய பதிப்பு ஏறக்குறைய 9 அல்லது 10 வாரங்களுக்கு ஒன்று வருகிறது. 2019இல் வந்த 5.0 பதிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். நினைவக முகவரி செல்லுமா என்று சோதிக்கும் ஒரு செயற்கூறு அதுவரை மூன்று தகவல்களைக் கேட்டுக்கொண்டிருந்தது. அதில் முதலாவதற்கு இனிமேல் தேவை இல்லை என்று நீக்கிவிட்டார்கள். மூன்று கொடுத்துப் பழகிய வெளி மாட்யூல்கள் ஒரே நாளில் செல்லாக்காசாகின. இப்படி நடக்கும் என்று அவர்கள் மறைக்கவும் இல்லை. கெர்னலோடு வரும் ஆவணங்களில் கிரெக் குரோ-ஹார்ட்மன் எழுதிய ஒன்று உண்டு. கெர்னலுக்கு உள்ளே மாறாத இடைமுகம் வேண்டும் என்பதே பிதற்றல் என்று தலைப்பிலேயே சொல்லிவிடுவார்.

அவர்கள் தரப்பு நியாயத்தை எனக்குப் புரியவைத்தது கடிகாரச் செயற்கூறு ஒன்றின் கதை. இத்தனை நொடி கழித்து இந்த வேலையைச் செய் என்று கெர்னலிடம் சொல்லிவைக்க ஒரு வசதி இருக்கிறது. எந்த வேலை என்ற குறிப்பும், அந்த வேலைக்கு வேண்டிய தகவலும் நினைவகத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஏதோ ஒரு பிழையைப் பயன்படுத்தி அந்த இடத்தில் எழுத முடிந்த திருடன், இரண்டையும் மாற்றி, தனக்கு வேண்டிய வேலையைக் கெர்னலையே செய்யவைக்கலாம். இதை அடைக்க வேண்டுமென்றால் வசதியின் வடிவத்தையே மாற்ற வேண்டும். மாற்றினார்கள். கெர்னல் முழுக்கச் சிதறிக் கிடந்த நூற்றுக்கணக்கான இடங்களைத் தேடித் திருத்தி, 2018 ஜனவரியில் வந்த 4.15 பதிப்பில் பழைய முறையை எடுத்தேவிட்டார்கள். வெளி மாட்யூல்களுக்காகப் பழையதையும் வைத்திருப்போம் என்று இரக்கப்பட்டிருந்தால், திருடனுக்கும் அதே கதவு திறந்தே இருந்திருக்கும்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மாற்றம் செய்கிறவர்தான் கெர்னல் தொகுப்புக்குள் அதனால் பாதிக்கப்படும் எல்லா இடங்களையும் திருத்த வேண்டும் என்பது அங்கே வழக்கம். பி.டி.இ. டேட்டாவின் பெயர் மாறியபோதும் உள்ளே இருந்த இயக்கிகள் எல்லாம் கூடவே திருத்தப்பட்டன. அவற்றைப் பயன்படுத்தியவர்களுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. வெளியே இருக்கும் மாட்யூலை யாரும் திருத்தமாட்டார்கள். அது இருப்பதே அவர்களுக்குத் தெரியாதே.

ஆகவே, என் கோபம் இடம் மாறியது. சாதனத்தைச் செய்து விற்றவர் யார்? சில்லின் உள்விவரம் முழுவதும் தெரிந்தவர் யார்? பெட்டியின்மேல் லினக்ஸ் என்று அச்சிட்டு அதற்கும் சேர்த்துக் காசு வாங்கியவர் யார்? அந்த இயக்கியை முறைப்படி எழுதிக் கெர்னலுக்குள் சேர்க்கக் கொடுத்திருந்தால், அதன்பின் பெயர் மாற்றமோ வடிவ மாற்றமோ மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அதைச் செய்யாமல், ஒரு பதிப்புக்கு மட்டும் ஓடும் மூலநிரலைக் குறுந்தட்டில் எரித்துக் கொடுத்துவிட்டு அடுத்த சாதனத்தை விற்கப் போய்விட்டார்கள். அது கைவிடப்பட்ட சரக்கு, அவ்வளவுதான். உள்ளே சேர்ப்பது சுலபம் என்று நான் சொல்லவில்லை. நிரலின் தரத்தைக் கேள்விமேல் கேள்வி கேட்டுத் துளைப்பார்கள், ஐந்தாறு முறை திருப்பி அனுப்புவார்கள். ஆனால் 2007இல் குரோ-ஹார்ட்மன், சாதனத்தின் விவரங்களை மட்டும் கொடுங்கள், இயக்கியை இலவசமாகவே எழுதித் தருகிறோம் என்று நிறுவனங்களுக்குப் பகிரங்கமாக அறிவித்தார். இலவசமாக எழுதித் தர ஆள் இருந்தும் விவரங்களைக் கொடுக்க மனம் வராதவர்களை என்ன சொல்வது?

எல்லா வெளி மாட்யூலும் சோம்பலால் வெளியே இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இசட்.எஃப்.எஸ். என்ற கோப்பு முறைமை அருமையான வேலைப்பாடு. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் பிறந்தது. அதன் உரிமமும் லினக்ஸின் உரிமமும் ஒத்துப்போகாது என்று கருதப்படுவதால் உள்ளே சேர்க்க முடியவில்லை. அதைப் பராமரிப்பவர்கள் ஒவ்வொரு புதிய கெர்னலையும் துரத்திக்கொண்டு ஓடுகிறார்கள். 5.0 பதிப்பில், அவர்கள் பயன்படுத்திவந்த ஒரு வசதி லினக்ஸின் உரிமத்தைக் கொண்ட மாட்யூல்களுக்கு மட்டும் என்று ஆனபோது, கெர்னல் தரப்பிலிருந்து அவர்களுக்குப் பெரிய அனுதாபம் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் கெர்னல்காரர்கள் கொஞ்சம் கல்நெஞ்சக்காரர்கள் என்பது என் எண்ணம்.

மாறாத இடைமுகம் முடியவே முடியாத காரியமும் அல்ல. ரெட் ஹேட் நிறுவனம் தன் வணிக வாடிக்கையாளர்களுக்காக, ஒரு பெரும் பதிப்பின் காலம் முழுக்கக் கெர்னலின் குறிப்பிட்ட சில பகுதிகளை மாற்றாமல் காத்துத் தருகிறது. யாராவது சம்பளம் கொடுத்தால் அது நடக்கும். உங்கள் கைப்பேசியிலும் இதே கதைதான் ஓடிக்கொண்டிருந்தது. சில்லு செய்பவர் கெர்னலை எடுத்துத் தன் இயக்கிகளைத் திணிப்பார். கைப்பேசி செய்பவர் தன் பங்குக்கு மேலும் சிலவற்றைத் திணிப்பார். அப்படி ஒட்டுப்போட்ட கெர்னலைப் புதிய பதிப்புக்கு நகர்த்துவது பெரும் செலவு. நல்ல நிலையில் இருக்கும் கைப்பேசிக்குப் புதுப்பிப்பு நின்றுபோவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். ஆண்ட்ராய்டு 12இலிருந்து கூகல் இதை மாற்ற முயல்கிறது. 5.10 அல்லது அதற்குப் பிந்தைய கெர்னலோடு புதிதாக வரும் கைப்பேசிகளில் நடுப்பகுதி எல்லாருக்கும் பொதுவானது. நிறுவனங்களின் இயக்கிகள் தனி மாட்யூல்கள். அந்தக் கெர்னல் வரிசைக்கு மட்டும் இடைமுகத்தை மாற்றுவதில்லை என்று உறுதியும் தருகிறார்கள். அடுத்த வரிசையில் மீண்டும் மாறலாம். வரம்புள்ள உறுதிதான், ஆனாலும் முன்பைவிட நல்லது.

விண்டோஸில் இந்தத் தொல்லை இல்லையே என்று கேட்பீர்கள். குறைவு, இல்லாமல் இல்லை. 2007இல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது திரைக்கும் ஒலிக்குமான இயக்கி முறைகளே மாறின. நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ அச்சுப்பொறிகளும் ஸ்கேனர்களும் புது இயக்கி இல்லாமல் மூலைக்குப் போயின. அங்கே மூலநிரல் நம் கையில் இல்லாததால் திருத்திப் பார்க்கவும் வழி இல்லை.

சரி, அப்டேட் பண்ணாதே என்று நான் சொன்ன வரிக்கு வருகிறேன். பழைய கெர்னலிலேயே தங்கிவிட்டால் என்ன கெட்டுப்போகும்? 2022 மார்ச்சில் மேக்ஸ் கெல்லர்மன் என்ற நிரலாளர் ஒரு குறையை வெளியிட்டார். டர்ட்டி பைப் என்று பெயர் வைத்தார்கள். அவர் அதைத் தேடிப் போகவில்லை. சேவையகத்தில் சில பதிவுக்கோப்புகள் காரணமே இல்லாமல் கெட்டுப்போவதை விடாமல் துருவிப் பார்த்ததில் கெர்னலின் குறையில் போய் முட்டினார். படிக்க மட்டும் அனுமதி உள்ள கோப்பில், சாதாரணப் பயனர் ஒருவரின் கணக்கில் ஓடும் நிரல் எழுதிவிட முடியும். அப்படியே முழுக் கணினியையும் கைப்பற்றலாம். 5.8 பதிப்பிலிருந்து இருந்த குறை அது. 5.10 கெர்னலோடு வந்த சில புத்தம்புதிய கைப்பேசிகளையும் பாதித்தது. திருத்தம் உடனே வந்தது. ஆனால் திருத்தம் வருவது புதுப்பிப்பின் வழியாகத்தான்.

இதைக் கழகத்தில் சொன்னபோது ஒரு மாணவன் மடக்கினான். ‘அப்படின்னா 5.8க்கு முந்தினதை வெச்சிருந்தவங்க தப்பிச்சாங்கதானே டீச்சர்?’ நல்ல கேள்வி, தப்பித்தார்கள்தான். ஆனால் 2016இல் அகப்பட்ட டர்ட்டி கவ் என்ற குறை 2007ஆம் ஆண்டுக் கெர்னலிலிருந்தே உள்ளே உட்கார்ந்திருந்தது. அப்போது பழையதைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் மாட்டினார்கள். எந்தப் பதிப்பில் எந்தக் குறை ஒளிந்திருக்கிறது என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. கண்டுபிடித்த பிறகு அடைக்கும் வழி திறந்திருக்க வேண்டும்.

வெளி மாட்யூலின் உண்மையான கேடு எனக்கு அப்போதுதான் உறைத்தது. வைஃபை ஓர் இரவு போனது பெரிய விஷயமே இல்லை. புதுப்பித்தால் ஏதாவது கெட்டுவிடும் என்ற பயத்தை அது ஒரு பிள்ளையின் மனத்தில் விதைத்துவிட்டது. அதற்குத் தண்ணீர் ஊற்றியவள் நான். இந்தப் பயம் பெரியவர்களிடமும் நிறைய இருக்கிறது. உங்கள் வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள். ‘பின்னர் நினைவூட்டு’ என்ற பொத்தானை எத்தனை மாதமாக அழுத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியும்.

அதனால் இப்போது என் முறையை மாற்றிக்கொண்டேன். கழகத்துக்கு எந்தச் சாதனம் வாங்கினாலும், லினக்ஸில் வேலை செய்யுமா என்று கேட்பதில்லை. அதன் இயக்கி கெர்னலுக்குள்ளேயே இருக்கிறதா, எந்தப் பதிப்பிலிருந்து இருக்கிறது என்று கேட்கிறேன். கடைக்காரருக்குத் தெரியாது. சாதனத்தின் உள்ளே இருக்கும் சில்லின் பெயரைக் கண்டுபிடித்துத் தேடினால் தெரிந்துவிடும். ஒரே நிறுவனம் ஒரே பெட்டியில் ஒரே பெயரில், சில்லை மட்டும் மாற்றி விற்பதும் உண்டு. அதையும் பார்க்க வேண்டும். பத்து ரிங்கிட் கூடப் போனாலும் உள்ளே இருப்பதையே வாங்குகிறோம். பழைய கெர்னல் ஒன்றைக் கணினியில் விட்டுவைப்பதும் நல்லதுதான். இரண்டு நாள் தாக்குப்பிடிக்க அது உதவும். அங்கேயே குடியிருக்க வேண்டாம். வெளி மாட்யூலைத் தவிர்க்க முடியாத இடங்களும் உண்டு. விர்ச்சுவல்பாக்ஸ் நிறுவினால் அதுவும் ஒரு மாட்யூலைக் கொண்டுவரும். அப்படிப்பட்டதை யார் பராமரிக்கிறார்கள், கடைசியாக எப்போது தொட்டார்கள் என்று பாருங்கள். இரண்டு ஆண்டாக யாரும் தொடவில்லை என்றால் கிட்டப் போகாதீர்கள்.

அந்த மடிக்கணினியின் கதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். படிவம் இரண்டு பையன் சொன்ன பெயரை மூலநிரலில் தேடினோம். கெர்னல் 5.17 அல்லது அதற்கு மேல் என்றால் சிறிய எழுத்து, இல்லாவிட்டால் பெரிய எழுத்து என்று நிபந்தனை போட்டு மாற்றினோம். பிறகு கம்பைல் செய்தால் வேறொரு பெயரில் இடித்தது, அதுவும் 5.17இல் மாறிய பெயர்தான். அதையும் மாற்றினோம். மூன்றாம் முறை ஓடியது. அவளிடம் போய், நான் அன்று சொன்னது தவறு, புதுப்பித்துக்கொள் என்றேன். ‘மறுபடியும் போச்சுன்னா?’ என்றாள். மறுபடியும் உட்காருவோம் என்றேன்.

மறுபடியும் உட்கார வேண்டியிருக்கவில்லை. அந்தச் சில்லுக்குரிய இயக்கியை வேறு நிரலாளர்கள் முறையாக எழுதிக் கெர்னலுக்கே கொடுத்திருந்தார்கள். சாதனத்தை விற்றவர்களுக்கு அதில் பங்கு இருந்ததாகத் தெரியவில்லை. அது உபுண்டுவுக்கு வந்துசேர்ந்த பிறகு, நாங்கள் ஒட்டுப்போட்டதைக் கழற்றி எறிந்தோம். மாணவி இப்போது எஸ்.பி.எம். முடித்துவிட்டாள். மடிக்கணினி தம்பிக்குப் போயிருக்கிறது. அந்த வைஃபை சாதனத்தின் மூடி உடைந்து, பசைநாடா ஒட்டியிருக்கிறான். புதுப்பிப்பு வந்தால் கேட்காமலேயே நிறுவிக்கொள்கிறான். கெர்னல் என்றால் என்ன என்று போன வாரம் அவனிடம் கேட்டேன். தெரியாது டீச்சர் என்றான்.